நண்டுமேட்டில் சுடுதண்ணீர் வந்த மதியம்

கன்னியம்மா ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிட வேண்டும். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவளைத் தோற்றவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது அவள் எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். வலை கட்ட நட்டிருந்த சவுக்குக் கம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு அலைகளைத் தலைக்கு மேலே போகவிட்டாள். மூன்றாவது வருவதற்குள் கரையேறிவிட்டாள். 2007 மாசியில் திருக்கை முள் அவளுடைய வலது காலில் ஏறி முறிந்தது. சேலை முந்தியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடையில் இருந்த இறாலை வழியில் ஒருத்தியிடம் ஒப்படைத்து, ஐஸ் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுத்த வருஷம் கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்டான். அவனைத் தேடி அவள் ஓர் எட்டுகூட வைக்கவில்லை. 2015 மழை வெள்ளத்தில் காத்திவாக்கத்தில் அவள் தெருவில் மாட்டிக்கொண்ட பதினொரு பேரை, படகுக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரச்சொல்லி, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று காலாலேயே பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பதினொரு பேரில் ஒருவர் ஆஸ்துமாக்காரர். அவருடைய மருந்துப் பை கூட நனையவில்லை.

இவையெல்லாம் தண்ணீரோடு போட்ட சண்டைகள். மனிதரோடு போட்டதில் பெரியது 2009 ஆடியில் நடந்தது.

கழிமுகத்தில் வலை கட்டுகிறவர்கள் ஆண்கள். வலையில்லாமல், படகில்லாமல், சேற்றில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்கள் பெண்கள். கூடையின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். கூடை பின்னால் மிதந்து வரும். ரயில் பாலத்துக்குக் கிழக்கேதான் பெண்கள் இறங்கலாம், மேற்கே போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டு இருந்தது. நல்ல இறால் இருந்ததோ மேற்கே. கன்னியம்மா கூட்டத்துக்கே போய்க் கேட்டாள். பொம்பளைகளை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டால் யார் பதில் சொல்வது என்றார் வலைக்காரர்களின் பெரியவர்.

"போன வாரம் உன் வலைய இஸ்த்துகினு பூட்ச்சே மாமா. அதுக்கு யாரு பதில் சொன்னாங்கோ?" என்றாள் கன்னியம்மா.

கூட்டம் சிரித்தது. பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் வற்றுகிற வேகத்தில் முகத்துவாரத்தைக் குறுக்கே நீந்திக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றார். அமாவாசைக்கு மறுநாள், ஓட்டம் மிகக் கடுமையாக இருக்கிற வேளையில், ஊரே கரையில் நிற்க, இடுப்பில் கூடையோடு அவள் இறங்கினாள். நேரே நீந்தவில்லை. ஓட்டத்தோடு சாய்ந்து போய், எதிர்க்கரையில் இருநூறு அடி தள்ளி ஏறினாள். அன்றிலிருந்து பதின்மூன்று வருஷம் பெண்கள் பாலத்துக்கு மேற்கே இறங்கினார்கள். அதில் முதல் பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தியையும் தண்ணீர் கொண்டுபோகவில்லை. இதுவும் அவள் ஜெயித்ததுதான்.

தண்ணீர் திரும்புவது எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும் என்பாள். உண்மையில் அது கழிமுகத்துப் பெண்கள் எல்லோரும் பார்க்கிற பக்குவம். அவளுக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாக வாய்த்திருந்தது, அவ்வளவுதான். வெயில் காலத்தில் சேற்றுத் திட்டுகளின் மேல் நிற்கிற தண்ணீர் நன்றாகச் சூடேறிவிடும். தண்ணீர் வற்றும்போது அந்தச் சூடான நீர்தான் கால்களைத் தாண்டி ஓடும். கடல் திரும்பி ஏறத் தொடங்கியதும் குளிர்ந்த நீர் அடியோடு ஊர்ந்து வரும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் அப்படியே நிற்பதுபோல் இருக்கும். குதிகால் மட்டும் சில்லென்று உணரும். அப்படி உணர்ந்த நிமிஷத்திலிருந்து கரையேறக் கால் மணி நேரம் இருக்கும். அது போதும்.

பாலத்துக்கு மேற்கே, வடகரையில் ஒரு கம்பெனி இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். அங்கே யந்திரங்களைக் குளிர வைத்த தண்ணீர் சூடாகவே ஒரு வாய்க்கால் வழியாகக் கழிமுகத்தில் வந்து விழும். அந்த வாய்க்காலின் எதிரில்தான் நண்டுமேடு இருக்கிறது. தண்ணீர் வற்றினால் வெளியே தெரிகிற நீளமான சேற்றுத் திட்டு அது. கம்பெனி ஓடும் நாட்களில் பெண்கள் அங்கே போக மாட்டார்கள். 2022 பிப்ரவரி கடைசியில் கம்பெனியில் பழுதுபார்ப்பு என்று சொல்லி மதகை மூடினார்கள். வாய்க்கால் காய்ந்தது. பங்குனி பிறந்ததும் நண்டுமேட்டில் மறுபடி இறால் சேர்ந்தது. மதகைத் திறப்பதற்கு முன்னால் எப்போதும் இரண்டு முறை சங்கு ஊதுவார்கள். அதை நம்பித்தான் பெண்கள் அங்கே இறங்கினார்கள்.

மே 14, சனிக்கிழமை. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. காலை பத்தரைக்குக் கன்னியம்மாவோடு நான்கு பெண்கள் நண்டுமேட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி சிவந்தி. கன்னியம்மாவுக்குப் பக்கத்து வீடு. அவளைவிட நாலு வயது சின்னவள். வாய் ஓயாதவள். லோடு இறக்கும்போது விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு கிடக்கிற புருஷனையும், பிளஸ் டூ முடித்த மகள் கார்குழலியையும் அவள் கைதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இவள் பேச்சைக் கேட்க வந்து இறாலே மாட்டிக்கொள்கிறது என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்குத் தண்ணீர் திரும்ப வேண்டிய நேரம். கன்னியம்மாவிடம் கடிகாரம் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. வெயிலைப் பார்த்து, சரி, நேரம் ஆகிறது என்று நினைத்துக் கால்களில் கவனம் வைத்தாள். குதிகால் குளிரவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு ஏறியதுபோலத்தான் இருந்தது. சிவந்தி தலையைத் தூக்கினாள்.

"யக்கா, தண்ணி வெதவெதன்னு கீது. சோப்பு இருந்தா குளிச்சிட்டே போய்டலாம்."

"சும்மா தடவு. இன்னும் வத்துது" என்றாள் கன்னியம்மா.

அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. சங்கு ஊதவில்லை. வாய்க்கால் நாணல் மறைவில் இருந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது, மதகிலிருந்து வந்த சுடுதண்ணீரை அந்த ஏற்றமே நண்டுமேட்டின் மேல் தள்ளிக் கொண்டுவந்து அவர்களுடைய கால்களைச் சூடாக வைத்திருந்தது. கழிமுகம் எப்போதும் போலத்தான் நடந்துகொண்டது. அது சொன்ன சேதியை வழியில் ஒருவன் மாற்றிவிட்டான்.

பின்னால் மிதந்துகொண்டிருந்த கூடை திரும்பி அவளுடைய முதுகில் இடித்தபோதுதான் தெரிந்தது. ஓட்டம் மேற்கே போகிறது. எல்லாரும் கிளம்புங்கள் என்று குரல் கொடுத்தாள். திட்டிலிருந்து கரைக்கு வர ஒரே வழிதான் உண்டு. இடுப்பளவு ஆழமுள்ள, இருபதடி அகலமான, கழுத்துபோல் ஒடுங்கிய ஓர் ஓடை. அவர்கள் அங்கே வந்தபோது தண்ணீர் மார்புக்கு மேலே போய்விட்டது. மூன்று பெண்களை ஒருவர் முந்தியை ஒருவர் பிடிக்கச் சொல்லி முன்னால் அனுப்பினாள். நடுவில் இழுப்பு வந்ததும் கடைசியாகப் போனவளைத் தோளில் தள்ளித் தள்ளிக் கரைப் பக்கம் சேர்த்தாள். திரும்பிப் பார்த்தபோது சிவந்தி அந்த ஓடைக்கு வரவேயில்லை. திட்டின் ஓரத்திலேயே நின்றிருந்தாள்.

அந்த ஓரத்தில் சேற்றின் மேல் ஆலைகளிலிருந்து வந்த சாம்பல் படிந்திருக்கும். பார்க்கக் கெட்டித் தரைபோல் தோன்றும். மிதித்தால் தொடை வரை வாங்கிக்கொள்ளும். பதற்றத்தில் குறுக்கு வழியாக வந்த சிவந்திக்கு இரண்டு காலும் புதைந்துவிட்டன. கன்னியம்மா ஓட்டத்துக்கு எதிராக நீந்திப் போய் அவளைப் பிடித்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். முழுகிப் போய்க் கையால் சாம்பலைத் தோண்டினாள். ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வரவில்லை. தண்ணீர் சிவந்தியின் தாடைக்கு வந்தபோது அவளுடைய தலையை மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துக் கத்தினாள். கரையேறிய பெண்கள் படகுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்நேரமும் பேசுகிற சிவந்தி அப்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். கோபமில்லை. ஏதோ புரியாததைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"வத்துதுன்னு சொன்னியேக்கா?"

படகு வந்தபோது இரண்டு பத்து. கன்னியம்மா அவளை விடாமல் பிடித்திருந்தாள். படகுக்காரர்கள் விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

போலீஸ் எழுதிய முதல் தாளில், நீர் ஏறும் நேரத்தைத் தவறாகக் கணித்ததால் ஏற்பட்ட விபத்து என்று இருந்தது. அதை யார் சொன்னது என்று தாளில் இல்லை. கம்பெனியில், மதகு திறந்தது 16ஆம் தேதி திங்கட்கிழமைதான், எங்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்த மூன்று பெண்களும் தண்ணீர் சுட்டது என்று சொன்னார்கள். மே மாதத்தில் தண்ணீர் சுடாமல் என்ன செய்யும் என்று போலீஸ்காரர் கேட்டார். சுட்ட சூட்டில் வித்தியாசம் உண்டு என்பதைக் கழிமுகத்தில் நிற்காதவனுக்கு எப்படிக் காட்டுவது?

கன்னியம்மாவின் அண்ணன் லட்சுமணன், ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் எடைமேடையில் டோக்கன் எழுதுபவன். ஒன்பதாவது வரை படித்தவன். அவன்தான் மனு எழுதினான். தண்ணீர் திரும்பும் நேரம் துறைமுகத்துத் தாளில் என்னவென்று பார்த்து, படகு கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், நண்டுமேட்டுக்கும் வாய்க்காலுக்கும் எத்தனை அடி என்று நாடா பிடித்து அளந்து, நான்கு பக்கம் எழுதிக் கலெக்டர் ஆபீஸில் தன் பெயரில் கொடுத்தான். ஜூலையில் விசாரணைக்கு உத்தரவு வந்தது. அதிகாரி பெயர் சங்கரநாராயணன். கடைசிவரை பார்த்தவள் கன்னியம்மாதான் என்பதால் அவளுடைய வாக்குமூலம்தான் வேண்டும் என்றார்.

"கைநாட்டு வெக்க மாட்டேன்" என்று கன்னியம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. 2011இல் கரையோரம் குழாய் புதைக்க வந்தவர்கள், வந்து பார்த்ததற்கு அடையாளம் என்று சொல்லித் தெருப் பெண்களின் பெருவிரலை ஒரு தாளில் வாங்கிப் போனார்கள். பிறகு லட்சுமணன் அந்தத் தாளின் நகலை வாங்கிப் படித்தான். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று இருந்தது. விரலுக்கு வாய் கிடையாது, வாங்கிப் போனவன் சொன்னதுதான் அது பேசும் என்று அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. சிவந்தி விஷயத்தில் தன் பெயரைத் தானே எழுதுவது, எழுதும் முன் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தாள்.

எழுதக் கற்றுக்கொடுத்தவள் கார்குழலி. தாய் செத்த வீட்டில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கன்னியம்மாவுக்குக் கூசியது. அவளே தேடி வந்து, தினக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக் கொடுத்து, அதன்மேல் எழுதச் சொன்னாள். சேற்றுக்குள் இறாலின் மீசை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிற விரல்களுக்குப் பேனா பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. இன்னா இது, நண்டு நடந்த மாதிரி கீது என்று அவளே தன் எழுத்தைப் பார்த்துச் சொல்வாள். அக்டோபரில் ஆறு எழுத்தும் ஒரே கோட்டில் வந்தன.

விசாரணை ஆகஸ்டில் தள்ளிப்போனது. செப்டம்பரில் அதிகாரிக்கு வேறு வேலை. நவம்பரில் மழை. டிசம்பரில் கம்பெனித் தரப்பு நேரம் கேட்டது. ஒவ்வொரு முறையும் லட்சுமணன் லீவு போட்டுவிட்டுத் தங்கையைக் கூட்டிப் போனான். ஒவ்வொரு முறையும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்குள் நண்டுமேட்டின் எதிரில் வாய்க்கால் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் கன்னியம்மா பாலத்தடியில் கூடையோடு நின்றபோது, முட்டியளவு தண்ணீரில் கார்குழலியைக் கண்டாள். தாயின் கூடை அவளுடைய இடுப்பில் இருந்தது. குனிந்து தடவிய விதத்திலேயே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. கைகளை அகலமாக வைத்து, இறாலையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். யாரைக் கேட்டு இறங்கினாய் என்று திட்டினாள். அந்தப் பெண் கம்பெனியிலிருந்து ஆள் வந்ததைச் சொன்னாள். கேன்டீனில் வேலை தருகிறார்களாம். ஆனால் விசாரணை நிலுவையில் இருக்கும்போது தர முடியாதாம். வழக்கை முடித்துக்கொண்டால் மறு வாரமே சேரலாமாம்.

"முடிக்கிறதுன்னா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டோம் என்று கன்னியம்மாவின் வாயால் வர வேண்டும். அதைச் சொல்லும்போது கார்குழலி அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கம்மாவ இதே தண்ணிதான் வாங்கிக்கிச்சு. எனக்கு இதுல எறங்க பயமா கீது பெரிம்மா. நீ மாட்டேன்னா நான் எறங்கித்தான் ஆவணும்."

கன்னியம்மா அவளுடைய கூடையை அவிழ்த்துத் தன் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

விசாரணை நாளன்று அறையில் நான்கு பேர் இருந்தார்கள்; அதிகாரி, கம்பெனியின் சார்பில் கோப்போடு வந்த ஒருவர், கன்னியம்மா, லட்சுமணன். கார்குழலி வெளியே பெஞ்சில் இருந்தாள். சங்கரநாராயணன் மரியாதைக்காரர். உட்காருங்கம்மா என்றார், டீ வரவழைத்தார். வாக்குமூலம் ஏற்கனவே டைப் அடித்து இருந்தது. படியுங்கள் என்று கன்னியம்மா சொன்னாள். அவர் படித்தார். நீர் ஏறத் தொடங்கியதை நான் உணரத் தவறிவிட்டேன், என் கணிப்புப் பிழையாலேயே நாங்கள் திட்டில் மாட்டிக்கொண்டோம், இதில் எந்த நிறுவனத்தின் மீதும் எனக்குப் புகார் இல்லை.

அவள் சம்மதித்திருந்தது லட்சுமணனுக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. எழுந்துவிட்டான். தன் நான்கு பக்க மனுவை மேஜையில் வைத்து, இதில் இருக்கும் நேரங்களில் எது தப்பு என்று அதிகாரியைக் கேட்டான். தப்பு என்று யாரும் சொல்லவில்லையே என்றார் அவர். பார்த்தவரே இப்படிச் சொல்லும்போது நான் என்ன செய்ய என்று கேட்டார்.

லட்சுமணன் தங்கையின் பக்கம் திரும்பினான். "இத்த ஒத்துக்கினேன்னா, நாளைக்கே ஊர்ல உங்கள பாலத்துக்கு இந்தாண்ட நிறுத்திடுவாங்க. நீ நீந்தி வாங்குனதும்மா அது."

"தெரியும்ண்ணே."

"நீ தப்பு பண்லியே."

"நான் பண்லன்னு சிவந்திக்குத் தெரியாது" என்றாள். "அவ கேட்டுகினேதான் போனா. அவ பொண்ணையாவது தண்ணிக்கு வெளில நிறுத்துறேன், உடு."

பிறகு அதிகாரியைப் பார்த்து ஒன்று கேட்டாள். இனிமேல் மதகைத் திறக்கும்போது சங்கு ஊத வேண்டும் என்று இதில் ஒரு வரி சேர்க்க முடியுமா? வாக்குமூலத்தில் அதற்கு இடமில்லை என்றார் சங்கரநாராயணன். கோப்போடு வந்தவர், அதை வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லும்போதே கோப்பை மூடத் தொடங்கிவிட்டார். சொன்னாரா என்பது தெரியவில்லை. சங்கு இன்றுவரை ஊதவில்லை. ஊர்க்கூட்டம் மாசி முடிவதற்குள் கூடி, அவளே ஒப்புக்கொண்டதைக் காட்டிப் பழைய கட்டை மறுபடி போட்டது. கார்குழலிக்குக் கேன்டீன் வேலை கிடைத்தது, பதினொரு மாதத்துக்கு.

அன்றைக்கு மேஜையில் அதிகாரி மைப்பெட்டியைத்தான் அவள் பக்கம் நகர்த்தினார். கன்னியம்மா அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். எழுத அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அறையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. லட்சுமணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி எழுத்தின் காலை இழுத்து முடித்துவிட்டு, தேதியும் நானே போட வேண்டுமா என்று கேட்டாள். அதிகாரி வேண்டாமென்று சொல்லித் தானே போட்டார்: 2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை.